இருதயத்தின் கையெழுத்து: ஓர் அளவையின் எழுச்சியும் வீழ்ச்சியும்

நெஞ்சு என்னும் சொல்லைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக ஆண்டுவருகிறது. அகப்பாடல்களிலே தலைவனும் தலைவியும் தத்தம் நெஞ்சை விளித்துப் பேசுகின்றனர். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அந்த நெஞ்சு உணர்வின் இருப்பிடம், தசையாலான உறுப்பன்று. உறுப்பின் நிலையை அறிய முயன்ற நம் நாட்டு வைத்தியர் மணிக்கட்டிலே விரல் வைத்து வாத, பித்த, கப நாடிகளைப் பார்த்தனர். அங்கு வைத்தியரின் விரலும் அனுபவமுமே கருவிகள். அவர் உணர்ந்ததை மற்றொருவர் எடுத்துப் பார்த்துச் சரிபிழை சொல்வதற்கு வழியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறிற்று. இருதயம் தன் துடிப்பைத் தானே எழுதிக் காட்டத் தொடங்கியது. இன்று சிறிய வைத்தியசாலைகளிலும் எடுக்கப்படும் ஈ.சி.ஜி. என்னும் மின் வரைபு அவ்வெழுத்தேயாகும். எழுத்துத் தோன்றினால் வாசிப்புத் தோன்றும். வாசிப்புத் தோன்றினால் பிழைபட வாசித்தலும் தோன்றும். ஏட்டுச் சுவடிகளோடும் உரையாசிரியர்களோடும் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியன்று. அந்த வரைபிலிருந்து பிறந்து, ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரும் புகழ்பெற்று, பின்னர் மதிப்பிழந்த ‘கியூ ரீ சிதறல்’ என்னும் ஓர் அளவையின் வரலாற்றையே ஈண்டு ஆராய முற்படுகிறோம். மருத்துவரல்லாத நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஓர் எண் எவ்வாறு உண்மை என ஏற்கப்படுகிறது, எவ்வாறு கேள்விக்குள்ளாகிறது, இடையில் யாருடைய உயிர் பணயமாகிறது என்பவை மருத்துவருக்கு மட்டும் உரிய வினாக்கள் அல்ல.

* * *

உயிர்த்தசையில் மின்னோட்டம் உண்டு என்பது தவளைகளை வைத்து அறியப்பட்ட உண்மை. இத்தாலியரான கார்லோ மத்தேயூச்சி 1842 இல் இதனை ஆராய்ந்தார். 1856 இல் ஜேர்மனியில் கொலிக்கரும் மியூலரும் துடிக்கும் தவளை இருதயத்தின் மீது மற்றொரு தவளையின் காற்றசையையும் நரம்பையும் வைத்தனர். இருதயம் துடிக்குந்தோறும் கால் உதறிற்று. மின்னோட்டத்தை அளக்கத் தக்க நுண்ணிய கருவி இல்லாதபோது, ஓர் உயிரின் தசையே மற்றோர் உயிரின் தசைக்கு அளவுகோலாயிற்று.

மனித இருதயத்தின் மின் அலையை உடலைத் திறவாமலே முதன்முதலிற் பதிவு செய்தவர் லண்டன் சென்ற் மேரி வைத்தியசாலையைச் சேர்ந்த ஓகஸ்டஸ் வோலர். ஆண்டு 1887. மயிர்த்துளைக் குழாயினுள் இரசம் ஏறி இறங்குவதைக் கொண்டு மின்னை அளக்கும் கருவியொன்றை அவர் பயன்படுத்தினார். தமது வளர்ப்பு நாயான ஜிம்மியின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் நிறுத்தி, அதன் இருதய அலையைச் சபைகளிலே காட்டினார். 1909 இல் இது நாய்க்கு இழைக்கப்படும் கொடுமை அல்லவா எனப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் வினா எழுந்தது. கடல்நீரிற் கால் நனைத்தவர்க்கு அந்த உணர்வு தெரியும் என உள்நாட்டு மந்திரி விடையிறுத்தார். இத்தனைக்கும், தாம் கண்ட பதிவு வைத்தியசாலைகளிற் பெரிதும் பயன்படும் என வோலர் எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடித்தவரே கண்டதன் பயனை அறியாதிருத்தல் விஞ்ஞான வரலாற்றில் அரிதன்று.

1889 இல் சுவிற்சலாந்தின் பாசெல் நகரில் நடந்த உடற்றொழிலியல் மாநாட்டில் வோலரின் செய்முறையைக் கண்டவர்களில் ஒருவர் வில்லெம் ஐந்தோவன். ஒல்லாந்தரான அவர் பிறந்தது ஒல்லாந்தில் அன்று. 1860 இல், அந்நாட்டின் குடியேற்றமாயிருந்த யாவாத் தீவின் சேமராங் நகரில். தந்தை அங்கே வைத்தியர். தந்தை இறந்தபின் தாய் பிள்ளைகள் அறுவருடன் 1870 இல் ஒல்லாந்து திரும்பினார். இருபத்தைந்தாம் வயதிலேயே லைடன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக நியமனம் பெற்ற ஐந்தோவன், 1895 இல் இருதய அலையின் மேடுபள்ளங்களுக்குப் பீ, கியூ, ஆர், எஸ், ரீ எனப் பெயரிட்டார். அப்பெயர்கள் இன்றும் மாறவில்லை.

வோலரின் கருவி மந்தமானது. அது காட்டிய அலை உண்மையான அலையின் தேய்ந்த நிழல். ஆகவே ஐந்தோவன் இழைக் கல்வனோமானி என்னும் புதிய கருவியை 1901 இல் உருவாக்கினார். உருகிய படிகக்கல்லை அம்பிலே கட்டி எய்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழையாக இழுத்து, அதற்கு வெள்ளி பூசி, வலிய மின்காந்தத்தின் நடுவே தொங்கவிட்டார். இருதயத்தின் மின்னோட்டம் இழையினூடே பாய்ந்ததும் இழை அசைந்தது. அசைவின் நிழல் நகரும் ஒளிப்படத் தகட்டில் விழுந்தது. அந்த யந்திரத்தின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டியிருந்தது. நோயாளர் வைத்தியசாலையிலும் கருவி ஆய்வுகூடத்திலும் இருந்தமையால், 1905 இல் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரத்திற்குத் தொலைபேசிக் கம்பி மூலம் இருதய அலை கொண்டுவரப்பட்டது.

1924 இல் ஐந்தோவனுக்கு நொபெல் பரிசு கிடைத்தது. அதனையொட்டி வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. கருவியை ஆக்குவதில் தம்மோடு நெடுங்காலம் உழைத்த ஆய்வுகூடத் தொழிலாளியை ஐந்தோவன் தேடினாராம். அவர் இறந்துவிட்டார் என்றும், அவருடைய சகோதரிகள் இருவர் வறியோர் இல்லமொன்றில் வாழ்கின்றனர் என்றும் அறிந்து, பரிசுப் பணத்திற் பாதியை அவர்களுக்கு அளித்தாராம். அறிவின் வரலாற்றிலே கைத்தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் இவ்வாறு அடிக்குறிப்பாகவே எஞ்சுகிறது. அந்த அடிக்குறிப்பையும் படிப்பது நம் கடன்.

* * *

இனி, கியூ ரீ என்பது யாது? இருதயத்தின் கீழ்ப்பகுதியான இதயவறைகள் மின்னூட்டம் பெற்றுச் சுருங்கத் தொடங்குவதைக் கியூ அலை குறிக்கிறது. அவை மீண்டும் இளைப்பாறி அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாவதை ரீ அலையின் முடிவு குறிக்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட நேரமே கியூ ரீ இடைவேளை; சாதாரண நிலையில் ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்தில் நான்கு பங்கு. துடிப்பு விரைந்தால் இது சுருங்கும், தளர்ந்தால் நீளும். ஆகவே வெவ்வேறு மனிதரை ஒப்பிட ஒரு வாய்பாடு தேவைப்பட்டது. 1920 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி பசெற் வர்க்கமூலத்தையும், அதே ஆண்டில் கொப்பன்ஹேகனில் பிரிடெரிசியா கனமூலத்தையும் அடிப்படையாகக் கொண்டு இரு வாய்பாடுகளைத் தந்தனர். துடிப்பு மிக விரைந்தபோது பசெற்றின் வாய்பாடு தவறான நீட்சியைக் காட்டும் என்பது அறியப்பட்டும், உலகெங்கும் அதுவே பெருவழக்காயிற்று. பழகிய வாய்பாடு பொருந்திய வாய்பாட்டை வென்றது.

இந்த இடைவேளை அளவுக்கு மீறி நீள்வது ஆபத்து என்ற அறிவு மூன்று வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தது.

முதலாவது வழி யாவாவிலிருந்து தொடங்குகிறது. தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளில் விளைந்த சிங்கோனா மரத்தின் பட்டை மலைக்காய்ச்சலுக்கு மருந்து. வெப்பநாடுகளை ஆள வந்த ஐரோப்பியருக்கு அது துப்பாக்கிக்கு அடுத்தபடியான ஆயுதம். 1865 இல் பொலிவிய மலைகளிலிருந்து சிறந்த இன விதைகளைத் திரட்டிக் கொடுத்தவர் மனுவேல் இன்க்ரா மமானி என்னும் அய்மாரா இனத்தவர். அவ்விதைகளை ஓர் ஆங்கில வணிகர் ஒல்லாந்தருக்கு விற்றார். யாவாவிலே தோட்டங்கள் செழித்தன. உலகின் சிங்கோனாப் பட்டையிற் பெரும்பகுதி பின்னர் அங்கிருந்தே வந்தது. மமானியோ தம் நாட்டிற் சிறைப்பட்டு, அடியுதைக்காளாகி மாண்டார். இலங்கையும் இக்கதைக்குப் புறம்பானதன்று. 1861 இல் ஹக்கல பூந்தோட்டம் தொடங்கப்பட்டது சிங்கோனாவை வளர்ப்பதற்கே. கோப்பிச் செடியை இலைநோய் அழித்தபோது, தேயிலை வேரூன்றுமுன் மலைநாட்டுத் துரைமார் நாடிய பயிர்களுள் ஒன்று சிங்கோனா. தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மக்களின் கைகளே அப்பட்டையையும் உரித்தன. விலை வீழ்ந்ததும் பயிர் கைவிடப்பட்டது.

1912 இல் ஒல்லாந்து வணிகர் ஒருவர் தம் இருதயத்தின் ஒழுங்கற்ற துடிப்பைக் குயினீன் உண்டு தாமே நிறுத்திக்கொள்வதாக மருத்துவ அறிஞர் வென்கெபாக்கிடம் கூறினார்; மறுநாள் அவ்வாறே செய்தும் காட்டினார். 1918 இல் வால்ரர் பிறே, அப்பட்டையிலிருந்தே பெறப்படும் குயினிடீன் இன்னும் வலியது எனக் கண்டார். அது பல நோயாளருக்குப் பயன்பட்டது. ஆனால் அதனை உட்கொண்டோரிற் சிலர் திடீரென மயங்கி வீழ்ந்தனர், சிலர் மாண்டனர். 1964 இல் அமெரிக்காவில் செல்சரும் ரேயும் இம்மயக்கத்தின்போது பதிவு செய்த வரைபுகள் உண்மையை வெளிப்படுத்தின. மருந்தே இதயவறைகளின் உயிர்குடிக்கும் நடுக்கத்தைத் தூண்டியிருந்தது. 1966 இல் பிரெஞ்சு மருத்துவர் டெசேர்ற்றென் இவ்வகைத் தாளப் பிறழ்வின் தனி வடிவத்தை விவரித்தார். அலைகளின் முனைகள் ஓர் அச்சைச் சுற்றி முறுகுவதுபோலத் தோன்றியமையால் ‘முனைகளின் முறுக்கு’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டார்.

இரண்டாவது வழி செவிப்புலனற்ற குழந்தைகளின் வழி. 1856 இலேயே ஜேர்மன் மருத்துவர் மைஸ்னர் ஒரு துயரச் செய்தியை எழுதிவைத்தார். பாடசாலையில் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்ட செவிப்புலனற்ற சிறுமி ஒருத்தி அந்த இடத்திலேயே வீழ்ந்து இறந்தாள். பெற்றோர் வியப்படையவில்லை; அவர்களுடைய வேறு பிள்ளைகளும் அச்சத்தாலோ சினத்தாலோ இவ்வாறே இறந்திருந்தனர். காரணத்தைக் காட்டும் கருவி அன்று உலகில் இல்லை. நூறு ஆண்டுகள் கழித்து, 1957 இல், நோர்வேயில் ஜேர்வெல், லாங்க நீல்சன் என்னும் இருவர் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தனர். பிள்ளைகள் அறுவரில் நால்வருக்குப் பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. அந்நால்வருக்கும் அடிக்கடி மயக்கம் வந்தது. மூவர் நான்கு, ஐந்து, ஒன்பது ஆகிய வயதுகளில் திடீரென மாண்டனர். வரைபிலே கியூ ரீ இடைவேளை மிக நீண்டிருந்தது. 1963 இல் இத்தாலியின் றொமானோவும் 1964 இல் அயர்லாந்தின் வார்ட்டும் செவிப்புலன் உள்ள குடும்பங்களிலும் இந்நோயைக் கண்டனர். 1995 இலும் 1996 இலும் இதற்குக் காரணமான பரம்பரை அலகுகள் சில அமெரிக்காவில் இனங்காணப்பட்டன. உயிரணுவினூடே பொட்டாசியமும் சோடியமும் சென்றுவரும் வாயில்களின் குறைபாடே நோய் எனத் தெளிவாயிற்று. குழந்தையின் இறப்பு சாபமும் அன்று, முன்வினையும் அன்று. நூற்றாண்டுகளாகத் தாய்மார் தம்மைத் தாமே நொந்து அழுத அழுகைக்கு விஞ்ஞானம் அளித்த விடை இது.

மூன்றாவது வழி ஆய்வுகூடத்தின் வழி. 1964 இல் ஹானும் மோவும், இதயவறைத் தசையின் எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் இளைப்பாறுவதில்லை என்பதனையும், அந்தச் சமமின்மை மிகும்போது ஒழுங்கற்ற துடிப்புக்கு வழி திறக்கும் என்பதனையும் விலங்குகளில் ஆராய்ந்து காட்டினர். ஒரு பகுதி விழித்தும் மற்றொரு பகுதி உறங்கியும் இருந்தால், மின்னலை நேரே செல்ல இயலாது வளைந்து சுழலும். சுழன்ற அலை தன் வாலைத் தானே துரத்தும். அதுவே நடுக்கத்தின் தோற்றுவாய். இக்கருத்து உறுதியானது, இன்றும் நிலைத்திருப்பது.

* * *

இந்த உறுதியான கருத்தின் தோளில் ஏறியே கியூ ரீ சிதறல் பிறந்தது. ஈ.சி.ஜி. எடுக்கும்போது கைகால்களிலும் மார்பிலும் மின்முனைகள் வைத்துப் பன்னிரண்டு பதிவுகள் எடுக்கின்றனர். பன்னிரண்டிலும் கியூ ரீ இடைவேளையை அளந்தால் எண்கள் ஒன்றாக இருப்பதில்லை. மிக நீண்டதிலிருந்து மிகக் குறுகியதைக் கழித்தால் வரும் எச்சமே சிதறல். ஒவ்வொரு பதிவும் இருதயத்தின் ஒவ்வொரு பகுதியைப் பார்க்கிறது. ஆகவே எண்களின் வேறுபாடு பகுதிகளின் வேறுபாடு. ஆகவே சிதறல் பெரிதாயின் திடீர் இறப்பின் அபாயமும் பெரிது. வாதம் எவ்வளவு எளிதாக நடந்து செல்கிறது என்பதனைக் காண்க.

1985 இலிருந்தே பதிவுகளிடையேயான வேறுபாடு ஆராய்ச்சியாளரின் கவனத்திற்கு வந்தது. 1990 இல் இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த டே, மக்கோம், கம்பெல் ஆகியோர், கியூ ரீ நீண்ட நோயாளருள் தாளப் பிறழ்வு கண்டவர்களிடம் சிதறல் மிகுதி என அறிவித்தனர். 1994 இல் ஸ்கொத்லாந்தின் டண்டியிலிருந்து, இருதயம் தளர்ந்த நோயாளருள் திடீரென இறந்தவர்களிடமும் அது மிகுதி எனக் கட்டுரை வந்தது. இரண்டிலும் நோயாளரின் தொகை சிறிது. ஆயினும் வாயில் திறந்துவிட்டது. மாரடைப்பு, நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் என ஒவ்வொன்றிலும் சிதறலை அளந்து நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வெளிவந்தன.

இந்த வேகத்திற்குக் காரணம் தேடுவோர் தனிமனிதரின் கவனக்குறைவை மட்டும் கண்டு அமைதல் தகாது. இவ்வளவைக்குப் புதிய கருவி வேண்டியதில்லை, பணம் வேண்டியதில்லை. வைத்தியசாலை அலுமாரிகளில் உறங்கும் பழைய வரைபுகளும் ஓர் அடிமட்டமும் போதும். கட்டுரைகளின் எண்ணிக்கையால் பதவியும் உயர்வும் தீர்மானிக்கப்படும் ஓர் அமைப்பில், குறைந்த செலவில் நிறைந்த கட்டுரை தரும் அளவை விரும்பப்படாமற் போகுமா? அதே வேளை, விருப்பத்தின் அடியில் நேர்மையான ஏக்கமும் இருந்தது. 1980 இல் பால்ற்றிமோரில் முதன்முதல் மனித உடலிற் பொருத்தப்பட்ட கருவி, நடுக்கம் தோன்றியவுடன் மின்னதிர்ச்சி தந்து உயிரை மீட்க வல்லது. ஆனால் அதன் விலை மிக அதிகம். எல்லோருக்கும் பொருத்த இயலாத கருவியை யாருக்குப் பொருத்துவது? திடீரென இறக்கப்போகிறவரை முன்கூட்டியே காட்டும் மலிவான அடையாளம் ஒன்று கிடைத்தால் எவ்வளவு நன்று! வறிய நாடுகளுக்கு அந்த அடையாளம் இரட்டிப்பாகத் தேவை. ஆனால் தேவை பெரிதாக இருப்பது விடை சரியாக இருப்பதற்குச் சான்றாகாது.

* * *

வீழ்ச்சி மூன்று படிகளில் நிகழ்ந்தது.

முதற்படி அளவின் நுண்மை பற்றியது. ஈ.சி.ஜி. தாள் வழக்கமாக ஒரு செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடும். ஒரு சிறு கட்டம், அதாவது ஒரு மில்லிமீற்றர், 40 மில்லிசெக்கன். நலமுள்ளோரிடம் காணப்பட்ட சிதறலும் பெரும்பாலும் ஒரு கட்டத்தை ஒட்டியதே. ரீ அலையோ வெட்டியதுபோல் முடிவதில்லை. மாலை வெளிச்சம் மங்குவதுபோல் மெல்ல மங்கி அடிக்கோட்டிற் கலக்கும். அது எங்கே முடிகிறது என்பதில் இருவர் ஒத்துப்போவதில்லை. ஒருவரே இரு நாட்களில் அளந்தாலும் எண்கள் ஒத்துப்போவதில்லை. அளப்பவரின் தடுமாற்றமும் அளக்கப்படும் பொருளும் ஒரே பருமனாக இருந்தன.

இரண்டாம் படி இன்னும் ஆழமானது. ஐந்தோவன் தாமே விட்டுச்சென்ற விதியிலிருந்து பிறப்பது. கைகால்களிலிருந்து பெறும் பதிவுகள் ஆறு. ஆனால் அவற்றுக்கு ஆதாரமான மின்முனைகள் வலக்கை, இடக்கை, இடக்கால் என மூன்றே. ஐந்தோவனின் விதிப்படி முதலாம் பதிவையும் மூன்றாம் பதிவையும் கூட்டினால் இரண்டாம் பதிவு வரும். இரண்டு தெரிந்தால் மூன்றாவது வெறுங் கணக்கு. 1942 இல் கோல்ட்பேர்கர் சேர்த்த மற்றை மூன்றும் அதே மின்முனைகளிலிருந்து பெறப்படுபவையே. முதலாம் பதிவின் அலை முன்னரே முடிந்து, இரண்டாவதன் அலை தொடர்கிறது என வைத்துக்கொள்வோம். அப்போது முதலாவதன் பெறுமானம் பூச்சியம். ஆகவே மூன்றாவது இரண்டாவதற்குச் சமமாகும். இரண்டும் ஒருங்கே முடிந்தாக வேண்டும். அம்மூன்று பதிவுகளில் நீண்டவை இரண்டும் எப்போதும் சமமாக இருக்கும் என்பதே இதன் பொருள். எட்டாம் வகுப்பு அட்சரகணிதம் அறிந்த மாணவனும் இதனைச் சரிபார்க்கலாம். மூன்று பதிவுகளும் இருதயத்தின் மூன்று வெவ்வேறு பகுதிகளைத் தனித்தனியே பேசுகின்றன என்னும் கருத்து இங்கேயே உடைந்துவிடுகிறது.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கிருந்து வந்தது? வெயிலில் ஒரு கோலைச் சுழற்றிப் பல சுவர்களில் அதன் நிழலைப் பார்ப்போம். கோல் ஒரு சுவரை நேரே குத்திட்டு நோக்கும்போது அச்சுவரில் நிழல் வெறும் புள்ளியாகும். மற்றைச் சுவரில் நீண்டிருக்கும். கோல் ஒன்றுதான். இருதயம் இளைப்பாறும் மின்விசையும் திசைமாறிச் சுழலும் ஒரே விசை. அதன் கடைசிப் பகுதி ஒரு பதிவின் திசைக்குச் செங்குத்தாக அமைந்தால், அப்பதிவில் அலை விரைவில் முடிந்ததுபோலத் தோன்றும். 1999 இல் ஒல்லாந்தின் றொற்றர்டாமைச் சேர்ந்த கோர்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர் இதனையே நிறுவினர்: சிதறல் என்பது ரீ அலையின் சுழல் வடிவத்தின் விளைவு, பகுதிகளின் சமமின்மைக்கு நேரான அளவன்று. தமிழ் மாணவருக்கு விளங்கச் சொல்வதாயின், ஒரே பாட்டின் பன்னிரண்டு படிகளிற் காணும் பாடபேதங்களை வைத்துப் பன்னிரண்டு புலவர் இருந்தனர் என முடிவு கட்டியதை இது ஒக்கும். அதே ஆண்டில், இத்துறையின் மூத்த அறிஞர் றௌற்றஹார்யு இதனைத் தொண்ணூறுகளின் மிகப்பெரும் மின்வரைபுத் தவறு எனக் கடுமையாகச் சாடினார்.

மூன்றாம் படி நோயாளரின் வாழ்வும் சாவும் தந்த தீர்ப்பு. 1998 இல் சாபெலும் துணைவரும் மாரடைப்பிலிருந்து பிழைத்த 280 பேரைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வு வெளிவந்தது. முன்கூட்டியே அளந்த சிதறல், யார் இறப்பார் என்பதைக் காட்டவில்லை. 2001 இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வும் இருதயம் தளர்ந்தவர்களிடம் அது பயனற்றது எனக் கண்டது. 2009 இல் அமெரிக்க இருதயச் சங்கமும் துணைச் சங்கங்களும் வெளியிட்ட பரிந்துரை, வழக்கமான ஈ.சி.ஜி. அறிக்கையிற் சிதறலைச் சேர்க்காதிருத்தலே விவேகம் என்றது.

நேர்மையாளர் இங்கு ஒன்றைக் கூறாது விடல் ஆகாது. பொதுமக்களிடையே நடந்த பெரிய ஆய்வுகள் சிலவற்றில், சிதறல் மிக்கவர் இருதய நோயால் இறப்பது மிகுதி எனவும் காணப்பட்டது. இது மேற்கூறியதற்கு முரணன்று. நோயுற்ற இருதயத்தின் ரீ அலை உருக்குலைகிறது. உருக்குலைந்த அலை சிதறலை மிகுவிக்கிறது. புகை கண்டு நெருப்பு உண்டு எனலாம். புகையின் நிறத்தைக் கொண்டு எந்த அறையில் எந்தப் பொருள் எரிகிறது எனச் சொல்லல் இயலாது. அலை உருக்குலைந்துள்ளது என்பதனைச் சிதறல் முரட்டுத்தனமாகக் காட்டியது. அதற்குமேல் அதன்மீது ஏற்றப்பட்ட பொருளே பொய்த்தது.

* * *

ஓர் அளவை பொய்த்தால் என்ன கெடுதி, கட்டுரைகள்தாமே வீணாயின என்று கேட்போர் உளராயின், அதே காலத்தின் மற்றொரு வரலாற்றை அவர்கள் நோக்க வேண்டும். மாரடைப்பின்பின் இருதயத்தில் இடையிடையே தோன்றும் மிகைத்துடிப்புக்கள் இறப்பின் அடையாளம் என அறியப்பட்டிருந்தது. ஆகவே அவற்றை அடக்கும் மருந்துகளைக் கொடுத்தால் இறப்புக் குறையும் என மருத்துவ உலகம் நம்பிற்று. 1989 இல் அமெரிக்காவின் பெரும் பரிசோதனையொன்று இடைநடுவே நிறுத்தப்பட்டது. என்கெயினைட், பிளெக்கெயினைட் என்னும் மருந்துகளைப் பெற்ற 755 பேரில் 63 பேர் மாண்டனர். வெற்றுமாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரே மாண்டனர். அடையாளம் அடங்கியது, மனிதர் இறந்தனர். அடையாளத்தை நோயாகக் கொள்வதன் விலை இதுவாகும்.

கியூ ரீ இடைவேளையைப் பொறுத்தும் சந்தை தன் முகத்தைக் காட்டாமலில்லை. தும்மலுக்கும் மூக்கடைப்புக்கும் விற்கப்பட்ட ரேர்பெனடீன் என்னும் மருந்து 1985 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனை வேறு சில மருந்துகளோடு சேர்த்து உட்கொண்டால் கியூ ரீ நீண்டு முனைமுறுக்கு நேரும் என்பது 1990 இலேயே அறிவிக்கப்பட்டது. மாற்று மருந்து 1996 இல் அனுமதி பெற்றபின்னரே, 1998 இல், அது அந்நாட்டுச் சந்தையை விட்டு அகன்றது. உயிராபத்து அற்ற ஒரு தொல்லைக்காக மனிதர் உயிராபத்தை விலைகொடுத்து வாங்கினர். 2005 இலிருந்து அமெரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றின் ஒழுங்கின்படி, புதிய மருந்துகள் கியூ ரீ இடைவேளையை நீட்டுகின்றனவா என ஆராயப்படுகின்றன. மக்களின் சாவுகளிலிருந்து பிறந்த சட்டம் இது. கம்பனிகளின் கருணையிலிருந்து பிறந்ததன்று.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எண்ணை நம்பாதே, யந்திரத்தை வெறு, பழைய நாடிக்கே திரும்பு என்பதன்று. அவ்வாறு கூறுவோர் நம்மிடையே உளர். விஞ்ஞானம் தடுமாறும்போதெல்லாம் அவர்கள் மகிழ்கின்றனர். ஆனால் சிதறலின் பிழையைக் கண்டுபிடித்தது யார்? மந்திரவாதியன்று, சோதிடரும் அல்லர். அதே வரைபை அதே அடிமட்டத்தால் இன்னுங் கவனமாக அளந்தவர்களே கண்டனர். ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துச் சரிபார்க்கலாம் என்னும் பொதுமையே விஞ்ஞானத்தின் உயிர். மைஸ்னர் விளக்க முடியாத சிறுமியின் சாவை நூறு ஆண்டுகளின்பின் விளக்கியதும், அவளைப்போன்ற குழந்தைகளை இன்று இனங்கண்டு மருந்தளித்துக் காப்பதும் அந்தப் பொதுமையே.

அதே வேளை, தாளில் அச்சாகிவரும் எண்ணுக்கு முன்னே தலைவணங்குவதும் அறிவன்று. ஆசிரியராகிய நாம் இதனை நன்கு உணரக் கடமைப்பட்டவர்கள். பிள்ளையின் அறிவை ஒரு பரீட்சைப் புள்ளியாற் சுருக்கி, அப்புள்ளியின்படி அவனைத் தரம் பிரித்து, பின்னர் அப்புள்ளியே அவன் என்று நம்பும் உலகில் நாம் தொழில் செய்கிறோம். விடைத்தாள் திருத்துபவரின் தடுமாற்றம் எவ்வளவு, வறுமை சாய்த்த நிழல் எவ்வளவு, பிள்ளையின் ஆற்றல் எவ்வளவு என்பதனை அந்தப் புள்ளி சொல்வதில்லை. எந்த எண்ணையும் நோக்கி மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். இதனை அளந்த கை எவ்வளவு நடுங்கும்? அளந்ததாகச் சொல்லப்படும் பொருளைத்தான் இது அளக்கிறதா? இந்த எண்ணை நம்பி நடந்தவர்கள் பின்னர் பிழைத்தனரா, மாண்டனரா? கியூ ரீ சிதறல் இம்மூன்று வினாக்களுக்கும் முன் நின்று தோற்றது. தோற்கும் வரை கேள்வி கேட்டவர்கள் இருந்தமையால்தான், நெஞ்சிலே மின்முனை ஒட்டிப் படுத்திருக்கும் தொழிலாளியின் உயிரை ஓர் அடிமட்டத்தின் ஒற்றைக் கட்டம் தீர்மானிக்காதொழிந்தது.